துடுப்பை மட்டும் உடைத்திருக்கலாம்

காசி,
சாவன் மாதம், வளர்பிறை சப்தமி.

என் தம்பி கோரக்குக்கு, அக்கா சோன்மதி எழுதுவது. கங்கை மாதா உன்னைக் காப்பாற்றட்டும். இங்கே அம்மா உயிரோடு இருக்கிறாள். என் மகள் முனியா நன்றாகச் சாப்பிடுகிறாள். நலம் என்று சொல்ல வேறு எதுவும் இல்லை.

இதற்கு முன்னால் என் கையெழுத்தில் ஒரு கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். அதற்குள் ஜரிகை வைத்த பெரிய ராக்கி ஒன்று இருக்கும். ராக்கிக்கு ஊருக்கு வா தம்பி, நடந்ததை எல்லாரும் மறந்தாயிற்று, உன் அத்தான் தேறிவிட்டார், உன்னைக் கட்டிப்பிடிக்கக் காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கும். எழுத்து என்னுடையது. வார்த்தை ஒன்றுகூட என்னுடையது இல்லை. நீ புறப்படாதே. வந்தால் உன்னைக் கொன்றுவிடுவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ எந்தக் காகிதத்தையும் கடைசிவரை படிக்கிறவன் இல்லை.

நேற்று ஒரு தந்தியும் அடித்தேன். கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். மழைக்காலத்தில் கோவாவில் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாது, நீயும் வலை பின்னிக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருப்பாய். சும்மா இருக்கிறவனுக்கு வீட்டு நினைப்பு வரும். அது தெரிந்துதான் இந்த நேரமாகப் பார்த்து எழுத வைத்தார்கள். அந்த ராக்கியைப் பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் என்றைக்கு உனக்கு ஜரிகை ராக்கி அனுப்பினேன்? மஞ்சளில் தோய்த்த வெறும் நூலைத்தானே கட்டுவேன். 'கஞ்சப் பிசினாரி' என்று என்னைத் திட்டிக்கொண்டே கையை நீட்டுவாய்.

இதைச் சாரநாத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கங்கை மேல்படி வரை ஏறிவிட்டது. படகுகளை எல்லாம் கட்டிப் போட்டாயிற்று, மாலை ஆரத்தி மாடியில் நடக்கிறது, பிணங்களைச் சந்துக்குள் எரிக்கிறார்கள். அதனால் இப்போது ஒரு நாள் சுற்றுலா என்றால் பாதி நாள் சாரநாத்துதான். நான் வழிகாட்டி அழைத்து வந்த கூட்டம் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. முனியா வேலி ஓரம் நின்று மான்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளை ஏன் வேலைக்கு அழைத்து வந்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தக் கடிதம் எழுதிய விதத்தைக் கேள். என் கொழுந்தன் ராம்தனி மத்தியானம் மொட்டை மாடிக்கு வந்தான். கையில் காகிதம், பேனா, அந்த ராக்கி. முனியாவைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரின்மேல் உட்கார வைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நேராக வெள்ளம். ஒரு கையால் அவள் இடுப்பை அணைத்துக்கொண்டு நரிக்கதை சொல்ல ஆரம்பித்தான். நடுவில் என்னிடம், "எழுதுங்க அண்ணி. உங்க கையெழுத்துன்னாதான் அவன் நம்புவான்" என்றான். நான் எழுதமாட்டேன் என்றேன். அவன் கோபப்படவில்லை. "நீங்க யோசிங்க. நாங்க ரெண்டு பேரும் கதை பேசிட்டு இருக்கோம். என்னடி முனியா, தண்ணி எவ்ளோ ஆழம் சொல்லு பாப்போம்" என்றான். முனியா சிரித்தாள். சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர். மிரட்டலாக ஒரு வார்த்தை இல்லை, கோரக். நான் எழுதினேன்.

உன் விலாசம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்பாய். நீ லாரிக்காரன் ஒருவனிடம் அம்மாவுக்குச் சீட்டுக் கொடுத்தனுப்பினாயே, அதிலிருந்துதான். ராம்தனி போய் அம்மாவின் காலைத் தொட்டு அழுதிருக்கிறான். வீட்டுக்கு ஒரு சாவு போதும் பெரியம்மா, பையனை வரச் சொல்லலாம் என்றிருக்கிறான். அவள் உருகிப்போய்ச் சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு ஒரு சாவு என்றேன். ஆமாம். உன் அத்தான் இறந்துவிட்டார்.

இதை இந்த இடத்தில் எழுத நினைக்கவில்லை, கை முந்திக்கொண்டது. நீ அன்றைக்குச் சாயங்காலமே ரயில் ஏறிவிட்டாய். உனக்கு எழுதிச் சொல்ல நம் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. எனக்கு எழுதப் பிடிக்கவில்லை. நீ அங்கே சோறு தின்று தூங்கி எழுந்துகொண்டிருக்கிறாய் என்று நினைக்கும்போதே வயிறு எரிந்தது. தெரியாமலே கிட என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்த நாளை என் பக்கத்திலிருந்து சொல்லப்போகிறேன். நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சிவராத்திரிக்கு முந்தின வாரம். எனக்கு ஆறு ஜெர்மனிக்காரர்கள். விடிகாலையில் படகு, பிறகு கச்சோரி, ஜிலேபி, கோயில் சந்து, நெசவுக்காரர் வீடு, மத்தியானம் சாரநாத், மாலையில் படகிலிருந்து ஆரத்தி. வழக்கமான ஒரு நாள் ஏற்பாடு. படகு எப்போதும் உன் அத்தானுடையதுதான், ஏறுவது எப்போதும் அவர் வீட்டுப் படித்துறையில்தான். அன்றைக்குச் சிவராத்திரிக் கூட்டத்துக்காகப் போலீஸ் சாலையை அடைத்துவிட்டது. கார்க்காரன் சுற்றிச் சுற்றிக் கடைசியில் நம் படித்துறைக்கு மேலே கொண்டுவந்து இறக்கிவிட்டு, "இதுக்கு மேல சைக்கிள்கூடப் போகாது அக்கா" என்றான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயும் ஊரும் சொல்வது எனக்குத் தெரியும். ஆறு பேரையும் சந்து சந்தாக நடத்தி அவர்கள் துறைக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். ஒரு துறையில் இறங்கி நிற்கிற பயணி அந்தத் துறைப் படகுக்குச் சொந்தம். வெளிப்படகு வந்து ஆளை இறக்கலாம், ஏற்றக் கூடாது. ஏற்றினால் அவன் துடுப்பைப் பிடுங்கிப் படியில் அடித்து உடைக்கலாம். இந்தச் சட்டம் எனக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். ஆனால் அது என் அப்பாவின் துறை. கன்னிகாதானத்தில் என் கையில் கங்கைத் தண்ணீரை ஊற்றி, "எங்க போனாலும் இந்தத் துறை உன்னோடதுதான் மகளே" என்று அத்தனை பேர் நடுவில் சொன்னார். நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அதனால் மேலே நின்று கையைத் தட்டி, தன் துறைக்குப் போய்க்கொண்டிருந்த அத்தானைக் கூப்பிட்டேன். அவர் பனிமூட்டத்துக்குள் துடுப்பை நிறுத்திவிட்டு, "அங்கயா? உன் தம்பி கடிச்சுத் துப்பிடுவான்டி" என்றார். எங்க அப்பா துறை, நீங்க வாங்க என்றேன்.

இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நீ நீச்சல் கற்றதே என் முதுகில் தொங்கிக்கொண்டுதான். ஆற்றுக்கு எவன் பட்டா போட்டுக் கொடுத்தான் உனக்கு? மீசை முளைத்தால் போதும், தண்ணீரும் சொத்தாகிவிடுமா?

உன் பக்கத்தையும் சொல்கிறேன். அன்றைக்கு உன் முறை. வரிசையில் காத்துக் காத்து உன் படகுக்கு முறை வந்த காலை. நீ டீ குடிக்கப் போனாய். திரும்பி வந்தால், உன் துறையில், உன் முறையில், ஆறு பேர் வேறு படகில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் அத்தான் படகில். பார்த்ததும் உன் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அப்பா உன்னைத்தான் சொல்வார்.

நீ படகு முனையைப் பிடித்து இழுத்தாய். "யாரு துறையில யாரு ஆள ஏத்தறது? எறக்குடா எல்லாரையும்!" என்றாய். அத்தானை 'டா' போட்டாய். நான், "கோரக், நான்தான் கூட்டிட்டு வந்தேன், என் ஆளுங்க" என்றேன். "நீ கட்டிக் குடுத்தவ. விருந்தாளியா வா, சாப்ட்டுட்டுப் போ. துறை விஷயத்துல வாயத் தொறக்காத" என்றாய். நான் சொன்னேன், அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று. "அது கல்யாணப் பேச்சு. கல்யாணத்துல நெலாவக்கூடப் புடிச்சுத் தரேம்பாங்க" என்றாய். படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நீ அத்தான் கையிலிருந்த துடுப்பைப் பிடித்தாய். உடைக்க. அது உன் உரிமை, நான் மறுக்கவில்லை. அவர் விடவில்லை. அது புதுத் துடுப்பு, தகரப்பட்டை அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் பிடித்திருந்தார். "வேணும்னா உங்க அக்காவத் திருப்பிக் கூட்டிட்டுப் போ மச்சான், துடுப்ப மட்டும் விட்ரு" என்றார். படி முழுக்க ஒரே சிரிப்பு. வெள்ளைக்காரர்கள்கூட, என்னவென்று புரியாமலே சிரித்தார்கள். அவர் சிரித்ததற்கு உனக்குக் கோபம் இல்லை, ஊர் சிரித்ததற்குத்தான் கோபம். எனக்குத் தெரியும்.

நீ வெட்டி இழுத்ததில் துடுப்பு உன் கைக்கு வந்துவிட்டது. வந்ததா இல்லையா? அதைப் படியில் ஓங்கி அடித்திருந்தால் இரண்டு துண்டாகியிருக்கும். கதை முடிந்திருக்கும். அத்தான் ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், ஹோலிக்கு நீ வண்ணப்பொடியோடு வந்திருப்பாய். துடுப்பை உடைக்கத்தானே பிடுங்கினாய்?

முதல் அடி தோளில் விழுந்தது. அவர் அப்போதும் விளையாட்டு என்றே நினைத்து, "டேய், வலிக்குதுடா" என்று திரும்பினார். இரண்டாவது அடி காதுக்கு மேலே. தகரப்பட்டையின் விளிம்பு. சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தேங்காய் உடைக்கும் சத்தம். ஆறு பேரில் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இது ஏதோ எங்கள் ஊர்ச் சடங்கு, சுற்றுலாவில் சேர்த்தி என்று நினைத்தாராம். ரத்தம் அவர் கால்சட்டையில் தெறித்த பிறகுதான் கேமராவை இறக்கினார்.

அத்தான் தன் படகுக்கும் பக்கத்தில் நின்ற படகுக்கும் நடுவில் விழுந்தார். அவர் விழுந்த வேகத்தில் விலகிய படகுகள் திரும்பி வந்து மோதிக்கொண்டன. நடுவில் அவர் தலை. நான் புடவையோடு குதித்தேன். தலைமுடியைப் பிடித்துத் தூக்கினேன், முடியோடு தோலும் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு கண் திறந்திருந்தது, இன்னொன்று இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்துப் படியில் ஒரு யாத்ரீகக் கிழவர் மந்திரம் சொல்லிக்கொண்டே முங்கி எழுந்தார். அவர் நெற்றியில் சிவப்புத் தண்ணீர் வழிந்தது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

நீ படியில் நின்றாய். துடுப்பைக் கீழே போட்டாய். பிறகு ஓடினாய். மேல்படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய். நான் அப்போது உன்னைக் கூப்பிடவில்லை. அந்த நேரம் என் கையில் துடுப்பு இருந்திருந்தால் நானே உன்னை அடித்துக் கொன்றிருப்பேன். பொய் சொல்லவில்லை.

அந்த ஜெர்மனிக்காரர்களின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர்களில் வயதான ஓர் அம்மாள் தன் கம்பளிச் சால்வையை அவர் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் ஏதோ பாடினாள். எங்கள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, மிச்சத்தை வேறு வழிகாட்டி பார்த்துக்கொள்வார், பட்டுக்கடை பாக்கி இருக்கிறதல்லவா என்று கேட்டான். நான் அவனை ஓங்கி அறைந்தேன். அதற்காக வேலை போகவில்லை என்பது ஆச்சரியம்தான்.

சில நாள் இருந்தார். ஒரே ஒரு தடவை நினைவு வந்தது. "துடுப்ப எடுத்து வெச்சியா? உன் தம்பி ஒடச்சுடப் போறான்" என்றார். எடுத்து வைத்துவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு பேசவில்லை. எதால் அடிபட்டோம் என்றுகூட அவருக்குத் தெரியாது.

தினமும் படகில் நின்று வெளியூர்க்காரர்களிடம் சொல்வேனே, காசியில் சாகிறவனுக்கு மறுபிறவி இல்லை, சிவனே காதில் மந்திரம் ஓதி விடுதலை கொடுப்பான் என்று. அதைச் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். உன் அத்தானுக்கும் மறுபிறவி கிடையாதாம். வந்தவர்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தான் தேற்றினார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கு அவர் இந்தப் பிறவியிலேயே வேண்டியிருந்தார், கோரக்.

நீ போன பிறகு நடந்ததும் உனக்குத் தெரியாது. அன்று மத்தியானமே ராம்தனி ஆட்களோடு நம் துறைக்கு வந்தான். எல்லார் கையிலும் மூங்கில் தடி. உன் படகைக் கோடாலியால் பிளந்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். தடுக்க வந்த நம் சுக்கு சித்தப்பாவின் முழங்காலை அடித்து நொறுக்கினார்கள், அவர் இப்போது தவழ்ந்துதான் படி இறங்குகிறார். அம்மா கதவைச் சாத்தியிருக்கிறாள். கதவோடு சேர்த்து அவள் மணிக்கட்டும் உடைந்தது. கோணலாகவே ஒட்டிக்கொண்டது. இடது கைதான், ரொட்டி தட்ட முடிகிறது, பரவாயில்லை என்கிறாள்.

சிதைக்குத் தீ வைத்தது ராம்தனி. எனக்கு மகன் இல்லையே. நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகு, அவன் அந்தத் துடுப்பைக் கொண்டுவரச் சொன்னான். அதன்மேல் கையை வைத்து, "இதுல இருக்கற எங்கண்ணன் ரத்தத்த அவன் ரத்தத்தாலதான் கழுவுவேன்" என்று சத்தியம் செய்தான். துடுப்பு இப்போது எங்கள் வாசல்நிலைக்கு மேலே தொங்குகிறது. நானும் முனியாவும் தினமும் அதன் அடியில்தான் உள்ளே போய் வெளியே வருகிறோம். கறுத்துப்போன கறை அப்படியே இருக்கிறது. மரம் வெடிக்காமல் இருக்க வாரம் ஒரு தடவை எண்ணெய் தடவுகிறான், கறை இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு.

போலீசுக்கு, படகில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவிட்டார்கள். நீ ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. உன்மேல் இருக்கும் அன்பினால் இல்லை. ஜெயில் உன்னை அவர்களிடமிருந்து ஒளித்துவிடும் என்பதால். என்னையும் அப்படித்தான் சொல்ல வைத்தார்கள்.

திட்டம் இதுதான். முகல்சராய் ஸ்டேஷனுக்கு ராம்தனியே மாலையோடு வருவான். உன்னைக் கட்டிப்பிடித்து அழுவான். அந்த அழுகை நிஜமாகவே இருக்கும், அதனால் நீ நம்பிவிடுவாய். சாலையில் வெள்ளம், படகில் போவோம் என்பார்கள். படகில் இரண்டு பேர் இருப்பார்கள், நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருக்கும், அந்தத் துடுப்பு இருக்கும். நடு ஆற்றில் முடித்துவிடுவார்கள். இந்த வெள்ளத்தில் விழுகிற உடல் ஆற்றோடு போய்ப் பக்ஸர் ஊருக்கு அந்தப் பக்கம்தான் மிதக்கும், அதற்குள் மீன் தின்று முகம் இருக்காது. சமையலறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் காது கேட்கும் என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. "அண்ணிக்கும் அதுதான் வேணும். வெளிய சொல்லல, அவ்வளவுதான்" என்றான் ராம்தனி.

சில நாள் அது உண்மையாகவும் இருந்தது.

ராம்தனியை ராட்சசன் என்று நினைக்காதே. முனியாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் கொண்டு விடுகிறவன் அவன்தான். அண்ணன் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். அவனும் ஒரு தம்பிதானே. உன்னை யாராவது என் கண்முன்னால் இப்படி அடித்துப் போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

நேற்றிரவு அம்மாவைப் பார்க்கப் போனேன். நீ வரப்போகிறாய் என்று மாவு சலித்து, புது வெல்லம் வாங்கி வைத்திருக்கிறாள். "மெலிஞ்சிருப்பான்டி, கடல் மீனும் சோறும் அவனுக்கு ஒடம்புல ஒட்டாது" என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. மாவுச் சம்புடத்தை மூடி வைத்தாள். நான் போகிறேன், நீயும் வா என்றதற்கு, "ரெண்டு பேரும் போயிட்டா வீட்ல வெளக்கு யாரு வெப்பா" என்று சொல்லிவிட்டாள்.

ஆம், நான் போகிறேன். அதனால்தான் முனியாவை இங்கே அழைத்து வந்தேன். இந்தக் கூட்டத்தை ஹோட்டலில் இறக்கிவிட்டு மாலைப் பேருந்தில் லக்னோ. என்னோடு கல்லூரியில் படித்த சகுந்தலா அங்கே டீச்சராக இருக்கிறாள். ராம்தனி இன்று ராத்திரி முனியாவைத் தேடுவான். அதை நினைத்தால் அவனுக்காகவும் ஒரு பக்கம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் அவளை எங்கே உட்கார வைத்தான் என்பதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஓடி ஒளிந்துகொண்டே இருந்தால் என்றைக்காவது உன்னைக் கண்டுபிடிப்பார்கள். விலாசம் அவர்களிடம் இருக்கிறது, ராக்கிக்கு நீ வரவில்லை என்றால் அவர்கள் அங்கே வருவார்கள். அங்கே பக்கத்தில் எது போலீஸ் ஸ்டேஷனோ அங்கே இன்றைக்கே போ. காசியில் என் அக்கா புருஷனைத் துடுப்பால் அடித்தேன், அவர் செத்துவிட்டார் என்று சொல். அடித்தது நான்தான், வழுக்கி விழவில்லை என்று சொல். உன்னை விலங்கு போட்டு ரயிலில் கொண்டுவருவார்கள். அந்த ரயிலில் வந்தால்தான் இந்த ஊரில் நீ உயிரோடு இறங்குவாய்.

நான் சாட்சி சொல்ல வருவேன். உனக்காக இல்லை. உனக்கு எதிராக. ஜட்ஜ் கேட்டால் விரலை நீட்டி உன்னைக் காட்டுவேன். துடுப்பை அடையாளம் காட்டுவேன். முதல் அடி எங்கே, இரண்டாவது அடி எங்கே என்று சொல்வேன். அவர் சிரித்ததையும், ஊர் சிரித்ததையும், உன் முறையை நான் எடுத்ததையும் சேர்த்தே சொல்வேன், எதையும் மறைக்கமாட்டேன். எத்தனை வருஷம் கொடுக்கிறார்களோ அத்தனை வருஷமும் நீ இருக்க வேண்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மன்னிக்கவில்லை. எப்போதாவது முடியுமா என்றும் தெரியவில்லை. முனியா அப்பாவைக் கேட்கும்போதெல்லாம் உன்மேல் புதுசாக ஒரு தடவை ஆத்திரம் வருகிறது. ஆனால் மன்னிக்காமல் இருப்பது வேறு, நீ செத்துப்போவது வேறு. ஒரே துடுப்பு என்னிடமிருந்து இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ள நான் விடமாட்டேன்.

ராக்கி அன்றைக்கு மத்தியச் சிறையின் வாசலைப் பார்த்திருக்கிறாயா? நான் கூட்டங்களை அந்த வழியாகக் காரில் கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். கையில் தட்டும் இனிப்பும் ராக்கியுமாக வெயிலில் அக்கா தங்கைகள் வரிசையாக நிற்பார்கள். உள்ளே இருப்பவன் என்ன செய்துவிட்டு வந்தான் என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்த வருஷம் முடியாது. அடுத்த வருஷம் அந்த வரிசையில் நான் நிற்பேன். விதவை கையால் திலகம் வைக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். ஜெயிலில் அதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்? கோர்ட்டில் உன்னைக் காட்டிய அதே கையால்தான் கட்டுவேன். வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்ளாதே.

அந்த ஜரிகை ராக்கியைக் கடலில் போட்டுவிடு. இந்தக் கடிதத்தோடு நான் ராக்கி எதுவும் வைக்கவில்லை. நூலை மஞ்சளில் தோய்த்து வைத்திருக்கிறேன், இப்போது என் பைக்குள் இருக்கிறது. அதை நீ வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

என் கூட்டம் வெளியே வந்துவிட்டது. முனியா ஒரு மானுக்கு உன் பெயரை வைத்திருக்கிறாளாம், கூப்பிட்டால் கிட்டே வர மறுக்கிறதாம்.

நீண்ட நாள் இரு, கோரக். நரைத்துக் கிழவனாகிற வரைக்கும் இரு. உன்மேல் நான் கோபமாக இருப்பதற்காவது நீ இருக்க வேண்டும்.

உன் அக்கா,
லால்மணியின் மனைவி,
சோன்மதி